லண்டனுக்கு எழுதத் தொடங்கி எழும்பூருக்கு எழுதி முடித்த மடல்

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர்களுக்கும், தமிழ்நாடு அரசின் அருங்காட்சியகங்கள் துறைக்கும்,

வணக்கம்.

இந்த மடல் முதலில் லண்டன் முகவரிக்குத்தான் எழுதப்பட்டது. பிரிட்டிஷ் மியூசியத்தின் அறங்காவலர்களிடம், ஆந்திரத்தின் அமராவதியிலிருந்து போன பழைய பௌத்தச் சிற்பங்களைத் திருப்பிக் கேட்டு இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். மூன்றாம் பக்கத்தில் 'எங்கே எடுத்தீர்களோ அங்கேயே வைப்பதுதான் முறை' என்று ஒரு வரி வந்து விழுந்தது. அதை எழுதியபின் பேனா நகரவில்லை. அதே அமராவதியின் கற்கள், லண்டனில் இருப்பதைவிட அதிக எண்ணிக்கையில், என் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடக்கூடிய பாந்தியன் சாலையில் உங்கள் கட்டடத்தில் இருக்கின்றன. உறையின் மேல் முகவரியை மாற்றினேன்.

நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். பிறந்தது தாமிரபரணிக் கரையில். பழங்காலத்தில் இறந்தவர்களைத் தாழிகளில் புதைத்த மேடான ஆதிச்சநல்லூர்ப் பரம்பு எங்கள் ஊரிலிருந்து நடந்து போகும் தூரம். 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டியெடுத்தவை பெர்லினுக்குப் போயின. பின்னர் தொல்லியல் அதிகாரி அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்தவை உங்களிடம் வந்தன. பொன்னாலான நெற்றிப்பட்டம் ஒன்று அந்தப் பரம்பில் கிடைத்தது என்று சிறுவயதில் தாத்தா சொல்லுவார். அவர் அதைப் பார்த்ததில்லை. நான் பார்த்தது கல்லூரியில் படிக்கச் சென்னைக்கு வந்த பிறகு, உங்கள் கண்ணாடிப் பெட்டியில். எங்கள் ஊர்ப் பொருளைப் பார்க்க ஓர் இரவு முழுக்க ரயிலில் வர வேண்டியிருந்தது.

ஆகவே மீட்புக் கோரிக்கை எதுவானாலும் கையெழுத்துப் போடுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். 2016இல் கீழடிப் பொருள்களை மைசூருக்குக் கொண்டு போகிறார்கள் என்றதும் வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. நாளிதழைத் தினமும் முதலில் அந்தச் செய்திக்காகப் பிரித்தேன். 2021இல் மைசூரில் இருக்கும் தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளை, அதாவது கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி எடுத்த படிகளை, சென்னைக்கு மாற்ற அதே நீதிமன்றம் உத்தரவிட்டபோது தெருவில் நாலு பேருக்கு மிட்டாய் கொடுத்தேன். 2023இல் கீழடியிலேயே அருங்காட்சியகம் திறந்ததும் முதல் மாதத்திலேயே போய் வந்தேன். எங்கள் மண்ணில் கிடைத்தது எங்கள் மண்ணில் இருக்கட்டும் என்று நாம் சொன்னபோது கர்நாடகம் நமக்கு வெளிநாடாக இருந்ததா? இல்லை. மைசூரில் இருந்தவர்கள் திருடர்களா? அதுவும் இல்லை. ஆனாலும் கேட்டோம். கேட்டது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

சென்ற தை மாதம் அமராவதிக்குப் போனேன். விஜயவாடாவில் பஸ் ஏறி, மிளகாயும் பருத்தியும் விளைகிற வயல்களைத் தாண்டிக் கிருஷ்ணைக் கரையில் இறங்க வேண்டும். பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் அமரேசுவரர் கோயிலுக்குப் போனார்கள். பௌத்தத் தூபத்துக்கு, அதாவது ஸ்தூபிக்கு, என்று இறங்கியவன் நான் ஒருவன். வட்டமான செங்கல் அடித்தளம், சுற்றிலும் சீராக வெட்டிய புல், ஆங்காங்கே நிமிர்த்தி வைத்த சில கற்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சாதவாகனர் காலத்தில், தென்னாட்டின் மிகப் பெரிய பௌத்தத் தூபங்களில் ஒன்று நின்ற இடம் இவ்வளவுதான். பக்கத்தில் மத்தியத் தொல்லியல் துறையின் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு மாநிலம் தன் தலைநகருக்கே இந்த ஊரின் பெயரை வைத்திருக்கிறது; ஊருக்குப் புகழ் தந்த சிற்பங்களில் பெரும்பகுதியோ வேறு இரண்டு பட்டணங்களில் இருக்கிறது.

வாசலுக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். மெட்ராஸ் என்றேன். "மா ராள்ளு மீ தக்கர உன்னாயி" என்றார். எங்கள் கற்கள் உங்களிடம் இருக்கின்றன என்று பொருள். குரலில் கோபம் இல்லை. இரவல் கொடுத்த ஏணியைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு நினைவுபடுத்துகிறவரைப் போலச் சொல்லிவிட்டு அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டார். நான் பெர்லினை நினைத்து ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லி வந்த வாக்கியம் அது. அதை ஒருவர் என்னைப் பார்த்துச் சொல்லுவார் என்று ஒருநாளும் எதிர்பார்த்ததில்லை.

உங்களுக்குத் தெரிந்த கதைதான் என்றாலும் மற்றவர்களும் படிக்கும் மடல் என்பதால் சொல்லிவிடுகிறேன். அந்த மேட்டுக்கு ஊரார் வைத்திருந்த பெயர் தீபால தின்ன, விளக்குகளின் மேடு. 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் வாசிரெட்டி வேங்கடாத்ரி நாயுடு என்ற ஜமீன்தார் அங்கே புதிய ஊர் ஒன்றை எழுப்பினார். செங்கல்லும் கல்லும் கைக்கெட்டும் தூரத்தில் மலையாகக் குவிந்து கிடக்கும்போது வீடு கட்டுகிறவர்கள் விட்டுவைப்பார்களா? செய்தி கேட்டு, கம்பெனியின் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி வந்து பார்த்தார். அவர் 1816இல் மறுபடி வந்தபோது மேட்டின் நடுவே குளம் வெட்டியிருந்தார்கள். மிச்சம் இருந்ததை வரைந்து வைக்க ஆள் அமர்த்தினார். பல கற்களுக்கு இன்று எஞ்சியிருப்பது அந்தக் கோட்டோவியம் மட்டுமே. அதன்பின் சில கற்கள் கல்கத்தாவுக்குப் போயின. சில மசூலிப்பட்டினத்தில் ஒரு சதுக்கத்துக்கு அலங்காரமாயின. சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனவற்றுக்குக் கணக்கே இல்லை. 'அமராவதி மார்பிள்' என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்தாலும் அது பளிங்கு இல்லை, வெளிர்பச்சை ஓடிய பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல். சுட்டால் நல்ல சுண்ணாம்பு.

1845இல் மதராஸ் மாகாண அதிகாரி வால்டர் எலியட் தோண்டியெடுத்துச் சென்னைக்கு அனுப்பியவை இங்கே வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. 1859இல் 120க்கும் மேற்பட்ட கற்கள் கப்பல் ஏறின. லண்டன்காரர்கள் மட்டும் உடனே மாடத்தில் வைத்துக் கொண்டாடினார்களா? கிடங்கில் போட்டார்கள். 1867இல் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் பெர்குசன் ஒரு வண்டிக் கொட்டகையிலிருந்து அவற்றைக் கண்டெடுத்தார். கிருஷ்ணைக் கரையில் மண்ணுக்குள் இருந்ததை ஒருமுறை கண்டுபிடித்தார்கள். தேம்ஸ் கரையில் குப்பைக்குள் இருந்ததை இரண்டாம் முறை கண்டுபிடித்தார்கள். 1880இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்து, படிக்கட்டுச் சுவரில் ஏறி, பிறகு நிலவறைக்கு இறங்கி, 1992இல்தான் ஈரமும் வெப்பமும் கட்டுப்படுத்திய கூடத்துக்கு வந்தன. 'எங்களிடம் இருந்ததால்தான் பிழைத்தன' என்று லண்டன் சொல்லும்போது இந்த நூற்றுச் சொச்சம் ஆண்டுகளையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

எழும்பூரின் பங்கு பெரும்பாலும் இதற்குப் பிறகு வருகிறது. 1880களில் தொல்லியல் அறிஞர் ஜேம்ஸ் பர்ஜெஸ் தோண்டியெடுத்தவை சென்னைக்கு வந்தன. எங்கள் ஆதிச்சநல்லூரைத் தோண்டிய அதே அலெக்சாண்டர் ரீ, அமராவதியையும் தோண்டினார். ஒரே மண்வெட்டி, ஒரே கட்டடம். ஓர் ஊர்க்காரன் நான், இன்னோர் ஊர்க்காரர் அந்த டீக்கடைக்காரர்.

அந்த நாளிலேயே இதை வேண்டாம் என்று சொன்ன ஒருவர் இருந்தார். எச். எச். கோல், தொல்சின்னங்களைக் காக்கும் பொறுப்பில் இருந்த ஆங்கிலேய அதிகாரி. ஒரு நாட்டின் பழங்காலக் கலைப்படைப்புகளின் மூலங்கள் கொள்ளை போக விடுவது தற்கொலைக்கு ஒப்பான, நியாயப்படுத்த முடியாத கொள்கை என்று அவர் எழுதினார். அருங்காட்சியகங்கள் சுண்ணச்சாந்தில் அச்செடுத்த படிகளை வைத்துக்கொள்ளட்டும், மூலம் கிடைத்த இடத்திலேயே நிற்கட்டும் என்பது அவர் வாதம். சாஞ்சியில் அது எடுபட்டது. அதனால்தான் சாஞ்சிக்குப் போகிறவன் சாஞ்சியைப் பார்க்கிறான். அமராவதியில் எடுபடவில்லை. வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தும்போதெல்லாம் கோலின் பக்கம் நின்று ஆவேசமாகப் பேசியிருக்கிறேன். அவர் தோற்றதன் பலன் நம் ஊரில்தான் இருக்கிறது என்பதை எந்தப் பிள்ளையும் எழுந்து கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 1851இல் தொடங்கிய நிறுவனத்தின் பழைய பாவங்கள் இன்று பொறுப்பில் இருப்பவர்கள் தலையில் ஏறாது. அமராவதிக் கற்களைச் சுவரோடு சேர்த்துச் சிமெண்டில் பதித்த காலம் ஒன்று இருந்தது. சுண்ணாம்புக்கல்லுக்கு அது ஆகாது என்பது உங்கள் வேதியியல் கூடத்தாருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. 1930இல் எஸ். பரமசிவன் தொடங்கிய அந்தக் கூடம் இந்த நாட்டுக்கே முன்னோடி. அதனால்தான் உங்களிடம் கேட்கத் தோன்றுகிறது.

நாளாகிரி யானையின் வட்டச் சிற்பம் உங்களிடம்தான் இருக்கிறது. ஒரே வட்டத்துக்குள் இரண்டு கணங்கள். இடப்பக்கம் மதம் பிடித்த யானை தெருவில் பாய்கிறது. துதிக்கையில் ஓர் ஆள் சிக்கியிருக்கிறான், ஓடுகிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள், மாடத்துச் சாளரங்களிலிருந்து பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். வலப்பக்கம் அதே யானை புத்தர் முன்னால் மண்டியிட்டிருக்கிறது. பார்க்கிறவன் கண் இடமிருந்து வலம் போவதற்குள் இரைச்சல் அடங்கிவிடும். நாற்பது ஆண்டுகளாக எத்தனையோ மாணவர்களை அதன் முன்னால் நிறுத்தியிருக்கிறேன். அது இங்கிருந்து போய்விட்டால் முதலில் வருந்துகிறவன் நான்தான். ஆனால் அது சுவரில் மாட்டுவதற்குச் செய்த படம் இல்லை. தூபத்தை வலம் வருகிறவன் நடையின் வேகத்தில் ஒவ்வொன்றாகக் கண்டுகொண்டு போவதற்காகச் செதுக்கிய கல்வேலியின் ஓர் உறுப்பு. முன்னும் பின்னும் வந்த கற்களில் சில லண்டனில், சில உங்களிடம், சில சுண்ணாம்பாகி யார் வீட்டுச் சுவரிலோ. தூபம் முழுமையாக எப்படி இருந்தது என்பதையே அந்தத் தூபத்தில் செதுக்கியிருந்த தூப உருவங்களைப் பார்த்துத்தான் நாம் அறிகிறோம். அந்தப் பலகைகளும் ஊரில் இல்லை.

இனி நீங்கள் சொல்லக்கூடிய பதில்களுக்கு வருகிறேன். இவற்றை எனக்கு நானே சொல்லிப் பார்த்தவன் என்பதால் ஓரளவு தெரியும்.

அன்று குண்டூரும் சென்னையும் ஒரே மாகாணம், மாகாணத்தின் பொருள் தலைநகருக்கு வந்ததில் என்ன தவறு என்பீர்கள். தவறே இல்லை. சென்னை அன்று தெலுங்கர்களுக்கும் தலைநகர். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது 'மதராஸ் மனதே', மதராஸ் நம்முடையதே, என்று அவர்கள் கேட்டார்கள். தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம் என்று ம.பொ.சி. எழுந்தார், பட்டணம் நமக்கு நின்றது. நிற்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெரிய வழக்கில் எழும்பூர்க் கற்களைத் தனியே எடுத்துப் பேச யாருக்கு நேரம் இருந்திருக்கும்? வீட்டோடு தட்டுமுட்டுச் சாமானும் சேர்ந்து நம் பங்காகிவிட்டது. பெருவெள்ளத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் டிரங்குப் பெட்டியை நம் மாடியில் ஏற்றிக் காப்பாற்றினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வடிந்த பிறகும் பெட்டி மாடியிலேயே இருக்கிறது. அவர் கேட்டால், எங்கள் மாடி இல்லாவிட்டால் பெட்டி ஏது என்று சொல்லலாம். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்க முடியுமா?

அங்கே பாதுகாப்பு போதாது என்பீர்கள். இதைத்தான் லண்டன் நம்மிடம் சொல்லி வந்திருக்கிறது. அதே பிரிட்டிஷ் மியூசியம், தன் சொந்தக் கிடங்கிலிருந்து ஏறக்குறைய 2,000 பொருள்கள் களவு போயோ காணாமல் போயோ சேதமாகியோ இருப்பதாக 2023இல் ஒப்புக்கொண்டது. மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஸ்ரீபுரந்தான் நடராசர் நம் கோயிலில் பூட்டு உடைத்துத்தான் களவாடப்பட்டார். 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அவரை விலைக்கு வாங்கியது. 2014இல்தான் திரும்பி வந்தார். ஆகவே பாதுகாப்பு வெற்றுச் சாக்கு என்று நான் தள்ளிவிட மாட்டேன். அங்கே நல்ல கட்டடம் எழட்டும், ஈரம் அளக்கும் கருவி வரட்டும், காவல் வரட்டும், அதன்பின் அனுப்புங்கள். நிபந்தனை விதிப்பது வேறு, நிபந்தனையைக் காட்டியே நூறாண்டு ஓட்டுவது வேறு.

சென்னையில் ஆயிரக்கணக்கானோர் பார்க்கிறார்கள், கிராமத்தில் யார் பார்ப்பார்கள் என்பதுதான் எனக்கு உண்மையாகவே கடினமான கேள்வி. என் மாணவர்கள் அமராவதியைப் பார்த்தது இங்கே இருந்ததால்தான். இதற்கு எனக்குக் கிடைத்த விடை தஞ்சாவூரில் இருக்கிறது. கரந்தட்டாங்குடியில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பிரம்மன் சிலையைக் கல்கத்தாவுக்குக் கொண்டு போக முயன்றபோது தஞ்சை மக்கள் விடவில்லை. அந்தப் பிடிவாதத்திலிருந்துதான் 1951இல், மாவட்ட ஆட்சியர் டி. கே. பழனியப்பன் முன்கையெடுக்க, தஞ்சைக் கலைக்கூடம் பிறந்தது. கல்கத்தாவில் இன்னும் அதிகம் பேர் பார்த்திருப்பார்கள். ஆனால் தஞ்சைக்குப் போய்ப் பார்க்கிறவனுக்குக் கிடைப்பது கல்கத்தாவில் கிடைக்காது. வெளியே வந்தால் அதே ஆறு, அதே மண், அதே கோபுரம்.

இதைக் கொடுத்தால் திருவெண்காட்டுக்காரர்கள் அர்த்தநாரீசுவரரைக் கேட்பார்கள், ஆதிச்சநல்லூர்க்காரர்கள் நெற்றிப்பட்டத்தைக் கேட்பார்கள் என்றும் ஒரு பயம் இருக்கும். நியாயமான பயம். வரிசையில் நான்தான் முதலில் நிற்கிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே விடை கிடையாது. காவலாள் இல்லாத கோயிலுக்கு இன்றே ஐம்பொன் திருமேனியை அனுப்பச் சொல்கிறவன் அந்தத் திருமேனிக்கு நண்பன் இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துப் பேச வேண்டும். பேச மறுப்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

களவு போய் லண்டனில் பிடிபட்ட பத்தூர் நடராசரின் வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். லண்டன் நீதிமன்றத்தில், இடிந்து கிடந்த ஒரு சோழர்காலக் கோயிலே வழக்காடி வென்றது. பூசை நின்று போன கோயிலுக்கு என்ன உரிமை என்று எதிர்த்தரப்பு கேட்டது. இடிந்தாலும் கோயில் கோயில்தான் என்ற நம் வாதத்தை ஆங்கிலேய நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். 1991இல் நடராசர் வந்து சேர்ந்தார். அந்த வெற்றியை நாம் கொண்டாடினோம். இடிந்த கோயிலுக்கு இருக்கிற உரிமை, இடிந்த தூபத்துக்கு மட்டும் இல்லாமல் போகுமா?

லண்டன்காரர்கள் கேட்கும்போதெல்லாம் 1963ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் மியூசியம் சட்டத்தைக் காட்டுகிறார்கள்; சேகரிப்பிலிருந்து எதையும் எளிதில் வெளியே விட அது அனுமதிப்பதில்லை. உங்களைக் கட்டிப்போட அந்தச் சட்டம் பாந்தியன் சாலை வரை வராது. இரண்டு மாநில அரசுகளும் மத்தியத் தொல்லியல் துறையும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் பேச முடிகிற காரியம். நான் கேட்பது, அந்த மேசைக்கு முதல் நாற்காலியை நீங்கள் இழுத்துப் போட வேண்டும் என்பதுதான். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். அதற்கு முன்பாக, உங்களிடம் உள்ள ஒவ்வோர் அமராவதிக் கல்லும் யார் கையால், எந்த ஆண்டு, எந்த வழியாக வந்தது என்ற முழுப் பட்டியலைத் தமிழிலும் தெலுங்கிலும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். பெயர்த்தால் உடையும் என்று உங்கள் வேதியியல் கூடம் சொல்லும் கற்களைத் தொட வேண்டாம். மற்றவற்றில் ஒரு பத்துக் கற்களோடு தொடங்கலாம். கோல் சொன்னதைத் திருப்பிப் போட்டு, மூலம் ஊருக்குப் போக, படியை நாம் வைத்துக்கொள்ளலாம். இன்றைய முப்பரிமாண அச்சில் உளியின் தடம்வரை வருகிறது. அதன்பிறகு நாமும் ஆந்திரமும் ஒரே தாளில் கையெழுத்திட்டு லண்டனுக்கு எழுதலாம். என் மேசையில் இரண்டேகால் பக்கம் தயாராக இருக்கிறது, இலவசமாகத் தருகிறேன்.

வெள்ளிக்கிழமை உங்களுக்கு விடுமுறை என்பதால் வருகிற சனிக்கிழமை பேத்தியை அழைத்துக்கொண்டு வருகிறேன். நாளாகிரியை அவள் இன்னும் பார்க்கவில்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விடமாட்டாள், அப்படி ஒரு பிள்ளை. இந்த மடலுக்குப் பதில் எழுதுவீர்களானால் தெலுங்கில் ஒரு படியும் சேர்த்து அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். கிளம்பும்போது அந்த டீக்கடைக்காரரிடம், மெட்ராசுக்குப் போய் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பதில் வந்தால் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார்.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கரையில் பிறந்து சென்னையில் வாழும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியன்